பிள்ளைகள் எடுத்த விழா

அன்புள்ள ஐயா,

வணக்கம். வேலை நிமித்தம் கலிஃபோர்னியாவுக்கு வந்து குடியேறியவன் நான். சென்ற ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் ஜப்பானியர் பகுதியான லிட்டில் டோக்கியோவில் நடக்கும் ‘நிசேய் வாரம்’ விழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். அமெரிக்க நகரங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஆசியப் பண்பாட்டு விழாக்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று என்று நண்பர்கள் சொன்னதால் ஆவலோடு போனேன். ஏமாற்றம்தான். கிமோனோ இருந்தது, தைக்கோ முரசு இருந்தது. கூடவே கிரீடம் சூடிய அழகுராணி, திறந்த காரில் கையசைத்துப் போகும் பிரமுகர்கள், விளம்பரதாரர் பெயர் தாங்கிய ஊர்திகள், கார் கண்காட்சி, யார் அதிகம் தின்பது என்று ஒரு போட்டி. பாரம்பரியத்தைப் போற்றுகிறவர்கள் என்று நாம் நினைக்கும் ஜப்பானியர்களே இப்படியா என்று தோன்றியது.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலும் இதே சிக்கல். பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். பறை, கும்மி, தெருக்கூத்து மட்டும் போதும் என்கிறோம் சிலர். நானும் அந்தக் கட்சிதான். நிசேய் வாரம் தொடங்கியபோது எப்படி இருந்தது? எப்போது அது வியாபாரமாகச் சரிந்தது? இவ்வளவு காலம் அது நீடித்ததற்கு என்ன காரணம்?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர. அவர்களுக்கு,

விழா முதலில் தூய்மையாக இருந்திருக்கும், பிறகு வியாபாரம் புகுந்து கெடுத்திருக்கும் என்ற முடிவோடுதான் நீங்கள் கேள்வியையே தொடங்குகிறீர்கள். நடந்தது நேர்மாறு. 1934 ஆகஸ்டில் நிசேய் வாரம் தொடங்கியதே வியாபாரத்துக்காக. உங்களை முகம் சுளிக்க வைத்த அழகுராணிப் போட்டி மறு ஆண்டே, 1935-ல், வந்துவிட்டது. ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பழைய விழா எதையும் அமெரிக்கா கெடுக்கவில்லை. ஜப்பானில் இப்படியொரு விழாவே கிடையாது. லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த இளைஞர்கள் அந்த ஊருக்காகவே உண்டாக்கியது இது.

லிட்டில் டோக்கியோவின் கதை 1880களில் தொடங்குகிறது. கப்பல் வேலையை விட்டு வந்த ஜப்பானியர் ஒருவர் கிழக்கு முதல் தெருவில் ஓர் உணவகம் திறந்தார். மெல்ல அதைச் சுற்றிக் கடைகளும் விடுதிகளும் கோவில்களும் வந்தன. 1903-ல் திறந்த ஃபூகெட்சுடோ என்ற மோச்சி இனிப்புக் கடை இன்றும் முதல் தெருவில் இருக்கிறது. 1930-ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 35,000 பேர். அவர்களைச் சுற்றிலும் சட்டங்கள் வேலி கட்டியிருந்தன. 1913-ல் கலிஃபோர்னியா, குடியேறி வந்த ஜப்பானியர் விவசாய நிலம் வாங்குவதைத் தடுத்தது. 1922-ல் ஒசாவா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜப்பானியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்களுக்கும் அதே கதவு சாத்தப்பட்டது. அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1924-ன் குடிவரவுச் சட்டம் ஜப்பானிலிருந்து ஆட்கள் வருவதையே நிறுத்திவிட்டது.

குடியேறி வந்த முதல் தலைமுறைக்கு இசேய் என்று பெயர். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் நிசேய், பேரப்பிள்ளைகள் சன்சேய். இசேய்க்கு எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை கிடையாது. நிசேய் பிறப்பாலேயே குடிமக்கள். ஒரே வீட்டில் அப்பா அயலார், மகன் குடிமகன். விழாவின் வரலாறு முழுவதும் இந்தப் பிளவிலிருந்துதான் வருகிறது.

1930களின் பெருமந்தத்தில் முதல் தெருக் கடைக்காரர்கள் தள்ளாடினார்கள். ஊரிலிருந்து புதிதாக யாரும் வரப்போவதில்லை. பழைய வாடிக்கையாளர்கள் கையில் காசில்லை. சொந்தப் பிள்ளைகளோ ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவர்கள், நகரின் பெரிய கடைகளைத் தேடிப் போகிறவர்கள். அந்தப் பிள்ளைகளின் நிலையும் நன்றாக இல்லை. கல்லூரிப் பட்டம் வாங்கிய நிசேய் இளைஞர்களை வெளியே யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. பலர் காய்கறி, பழக் கடைகளில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த நிலையில்தான் ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் சங்கத்தில் இருந்த நிசேய்கள் கடைவீதிப் பெரியவர்களோடு சேர்ந்து ஒரு வார விழாவைத் திட்டமிட்டார்கள். கூட்டத்தைக் கடைவீதிக்குக் கொண்டுவருவது பிள்ளைகளின் பொறுப்பு. பணமும் இடமும் பெரியவர்களுடையது. விழாவுக்குப் பெயர் பிள்ளைகளின் பெயர்.

1934-ல் அந்தத் தெருவில் இக்கெபானா மலர் அலங்காரமும் தேநீர்ச் சடங்கும் தூரிகை எழுத்தும் காட்சிக்கு இருந்தன. அவற்றோடு திறமைப் போட்டி, உடை அலங்காரம், குழந்தைப் போட்டி என்று அமெரிக்க ஊர்த் திருவிழாவின் அம்சங்களும் இருந்தன. ராணியைத் தேர்ந்தெடுத்த முறைதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. லிட்டில் டோக்கியோ கடைகளில் பொருள் வாங்கினால் வாக்குச்சீட்டு கிடைக்கும். எவ்வளவு வாங்குகிறீர்களோ அவ்வளவு வாக்கு. தங்கள் வேட்பாளர் ஜெயிக்க வேண்டும் என்றால் சொந்தக்காரர்கள் எல்லோரும் முதல் தெருவில்தான் அரிசியும் துணியும் வாங்கியாக வேண்டும். மகளை மேடையேற்றிக் கிரீடம் சூட்டுவதை அந்தக் கால ஜப்பானியப் பெற்றோர் மனமொப்பி ரசித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுத்தார்கள்.

நீங்கள் அசல் என்று ரசித்திருக்கக்கூடிய ஒண்டோ நடனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருவை அடைத்து வரிசையாக எல்லோரும் ஆடுவார்களே, அது. முன்னோரை நினைத்து ஆடும் போன் ஒதோரி ஜப்பானில் நூற்றாண்டுகள் பழமையானது. ஆனால் அமெரிக்க மேற்குக் கரையின் புத்தக் கோவில்களில் அதைச் சொல்லிக்கொடுத்துப் பரப்பியவர் யோஷியோ இவானாகா என்ற புத்த சமயகுரு, அதுவும் 1930களின் தொடக்கத்தில்தான். அதே சமயத்தில், 1933-ல், ஜப்பானிலேயே புதிதாக இயற்றப்பட்ட ஒரு ஒண்டோ பாட்டு இசைத்தட்டில் வெளியாகி நாடெங்கும் தெருத்தெருவாக ஆடவைத்தது. இசைத்தட்டு நிறுவனம் விற்ற பாட்டு அது. உங்கள் சங்கத்துப் பிள்ளைகள் புதுப்பட வெற்றிப் பாட்டுக்கு ஆடுவதற்கும் இதற்கும் நீங்கள் நினைக்கும் அளவு தூரமில்லை.

1937-ல் ஜப்பான் சீனாவின் மீது முழுப் போர் தொடுத்தபின் ஜப்பானியச் சரக்கைப் புறக்கணிக்கும் இயக்கம் அமெரிக்காவில் வலுத்தது. விழா அமைப்பாளர்கள் அமெரிக்கக் கொடியை மேலும் மேலும் உயர்த்திப் பிடித்தார்கள். 1941 ஜூலை 26-ல் ரூஸ்வெல்ட் அரசு ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது. அடுத்த சில வாரங்களில், ஆகஸ்டில், நிசேய் வாரம் நடந்தது. தெருவில் நடனமும் இருந்தது, தேசப்பற்றுப் பேச்சும் இருந்தது.

டிசம்பர் 7-ல் பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பான் குண்டு வீசியது. 1942 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகர நிர்வாகம் தன் ஜப்பானிய அமெரிக்க ஊழியர்களை வேலையிலிருந்து விலக்கியது. மேயர் ஃப்ளெட்சர் பௌரான் வானொலியில் அவர்களை வெளியேற்றச் சொல்லிப் பேசினார். பிப்ரவரி 19-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணை எண் 9066 வந்தது. மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதல் தெருவில் நிஷி ஹொங்கான்ஜி புத்தக் கோவிலின் வாசலில் பேருந்துகள் வரிசையாக நின்றன. லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் பலர் முதலில் சான்டா அனிடா பந்தயத் திடலின் குதிரை லாயங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். பிறகு மஞ்சனார் முதலான தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்; அப்படிப்பட்ட முகாம்கள் மொத்தம் பத்து. அந்தக் கோவில் கட்டடம் இன்று ஜப்பானிய அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. நீங்கள் ஊர்வலம் பார்த்த இடத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான்.

எட்டு ஆண்டுகள் நகரத்தின் முன் அழகாகவும் விசுவாசமாகவும் தங்களைக் காட்டிக்கொண்ட ஒரு சமூகத்துக்கு அந்த நகரம் கொடுத்த பதில் இது. பிறருக்குக் காட்டுவதற்காக நடத்தும் விழா எந்தப் பாதுகாப்பையும் வாங்கித் தராது. இதை நான் கசப்போடுதான் எழுதுகிறேன். ஏனென்றால் ‘வெள்ளைக்காரர்கள் நம்மைப் பார்த்து மதிக்க வேண்டும்’ என்ற ஆசை நம் சங்க விழாக்களிலும் நிறைய உண்டு. நகர மேயரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நம் பிள்ளைகளிடம் பேசுவதில் காட்டுவதில்லை.

காலியான லிட்டில் டோக்கியோவில் போர்க்காலத் தொழிற்சாலை வேலை தேடித் தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள் குடியேறினார்கள். மற்ற பகுதிகளில் அவர்களுக்கு வீடு கொடுக்க ஆளில்லை. பகுதிக்கு பிரான்ஸ்வில் என்று பெயர் வந்தது. ஜாஸ் விடுதிகள் முளைத்தன. 1946-ல் சார்லி பார்க்கர் அங்கே வாசித்திருக்கிறார். ஒரு சமூகத்தைத் துரத்திய இடத்தில் இன்னொரு சமூகத்தை நெருக்கிப் போட்டது அந்த நகரம். அந்தக் கதை தனியாக எழுத வேண்டிய அளவு பெரியது.

முள்வேலிக்குள்ளும் நடனம் நிற்கவில்லை. ஃபூஜிமா கன்சூமா என்ற நடனக் கலைஞரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1918-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த நிசேய். லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்து, டோக்கியோவுக்குப் போய் ஜப்பானிய மரபு நாடகமான கபுகியின் மேதை ஆறாம் ஒனோயே கிகுகோரோவிடம் பயின்று திரும்பியவர். போர்க்காலத்தில் ஆர்கன்சாஸ் மாநிலத்து ரோவர் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே சொல்லிக்கொடுத்தார், அனுமதி பெற்று மற்ற முகாம்களுக்கும் போய் ஆடினார். விடுதலைக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸ் திரும்பிப் பல்லாண்டுகள் ஆயிரக்கணக்கான மாணவர்களை உருவாக்கினார். 1987-ல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது பெற்றார். 2023-ல், 104 வயதில் காலமானார். மஞ்சனார் முகாமில் நிசேய் இளைஞர்கள் ஜாஸ் இசைக்குழுவும் நடத்தினார்கள். கபுகி நடனமும் ஜாஸும் ஒரே மக்களுடையவை. எது அசல், எது கலப்படம் என்று அங்கே உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தவர் யாருமில்லை என்றே நினைக்கிறேன்.

1942 முதல் 1948 வரை விழா இல்லை. 1949-ல் மறுபடி எடுத்தார்கள். எனக்கு இந்த ஆண்டுதான் முக்கியம். முகாமிலிருந்து திரும்பியவர்களில் பலருக்குப் பழைய வீடு இல்லை, கடை இல்லை, விட்டுப்போன சாமான் இல்லை. இசேய்ப் பெரியவர்கள் முதுமையில் சேமிப்பை இழந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜப்பானியர் என்று அடையாளம் தெரியாமல் கரைந்துவிடுவதே புத்திசாலித்தனம் என்று பலர் கருதிய காலம் அது. அந்த நேரத்தில், விழாவை எடுத்து எடுத்துப் பழகிய நிசேய்கள் தெருவை அடைத்து ஊர்வலம் விட்டார்கள், ராணிக்குக் கிரீடம் சூட்டினார்கள். 1934-ல் அந்த விழா பெரியவர்களின் கலைக் கண்காட்சியாக மட்டும் தொடங்கியிருந்தால், 1949-ல் அதைத் தூக்கி நிறுத்த ஆள் இருந்திருக்காது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான். விழா பிள்ளைகளின் கையில் இருந்தது.

பிறகு வந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1952-ல் சட்டம் மாறி இசேய் குடியுரிமை பெற முடிந்தது. பனிப்போரில் ஜப்பான் அமெரிக்காவின் கூட்டாளியானது, கிமோனோ திடீரென்று அழகாகிவிட்டது. 1959-ல் நகோயா லாஸ் ஏஞ்சலஸின் முதல் சகோதரி நகரமானது. இதற்கிடையே 1950களின் தொடக்கத்தில் காவல்துறைத் தலைமையகம் கட்டுவதற்காக லிட்டில் டோக்கியோவின் ஒரு பகுதியை நகரம் இடித்துத் தள்ளியது. விழாவுக்குச் சிரித்த முகம் காட்டிய அதே நகரம்தான்.

1970களில் பேரப்பிள்ளைகளின் முறை. வியட்நாம் போரை எதிர்த்த சன்சேய் இளைஞர்கள் நிசேய் வார ஊர்வலத்திலேயே கோஷம் போட்டு நடந்தார்கள். அழகுராணிப் போட்டி பெண்களை இழிவுபடுத்துகிறது என்று வாதிட்டார்கள். ஜப்பானிய மூலதனத்தில் பெரிய ஹோட்டல் எழுவதற்காக ஏழை முதியவர்கள் வாடகை அறைகளிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, மறியல் செய்தவர்கள் இவர்கள்தான். தாத்தா பாட்டி தலைமுறைக்காகப் பேரன் பேத்திகள் தெருவில் நின்றார்கள். முகாமைப் பற்றி வாய் திறக்காத பெற்றோரைப் பேசவைத்ததில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1981-ல் முகாம்களைப் பற்றி விசாரித்த அரசு ஆணையத்தின் முன் லாஸ் ஏஞ்சலஸில் நிசேய்கள் அழுதுகொண்டே சாட்சி சொன்னார்கள். 1988 ஆகஸ்ட் 10-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் மன்னிப்புக் கேட்டது, முகாம்களில் அடைக்கப்பட்டு அப்போது உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. கலப்பு மணங்கள் பெருகியபின், பாதி ஜப்பானிய ரத்தம் உள்ள பெண் ராணியாகலாமா என்று ஒரு விவாதம் எழுந்தது. ஆகலாம் என்று ஆனது. தூய்மை பேசியிருந்தால் இன்று மேடையில் நிற்க ஆளே இருந்திருக்காது.

இது லாஸ் ஏஞ்சலஸுக்கு மட்டும் உரிய கதை அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனப் புத்தாண்டு ஊர்வலம் இன்றுள்ள வடிவில் 1953-ல் வந்தது. கொரியப் போரில் அமெரிக்காவும் சீனாவும் மோதிக்கொண்டிருந்த நேரம். ஜப்பானியருக்கு 1942-ல் நேர்ந்தது தங்களுக்கும் நேருமோ என்ற பயம் சைனாடவுன் முழுக்க இருந்தது. ஹெச். கே. வாங் முதலான சமூகத் தலைவர்கள் பட்டாசும் டிராகனுமாக நகரத்தையே விருந்துக்கு அழைத்தார்கள். கொரியப் போரில் பார்வை இழந்த சீன அமெரிக்கப் படைவீரர் ஒருவரை ஊர்வலத்தின் முன்னால் நிறுத்தினார்கள். 1956-ல், குடிவரவு மோசடி விசாரணை என்று சொல்லி, சைனாடவுன் சங்கங்களின் ஆவணங்களையெல்லாம் கேட்டு மத்திய அரசு அழைப்பாணை அனுப்பியது. அங்கும் ஊர்வலம் யாரையும் காப்பாற்றவில்லை. அங்கும் ஊர்வலம் நிற்கவில்லை.

இனி உங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வருகிறேன். பறையும் கும்மியும் தெருக்கூத்தும் வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை. கன்சூமா டோக்கியோவுக்குப் போய்க் கற்றதுபோல, உங்கள் பிள்ளைகளில் யாராவது ஒருவர் புரிசைக்கு வந்து கூத்து கற்றால் நான் மகிழ்ச்சியில் துள்ளுவேன். எனக்கு இருக்கும் கவலை வேறு. அமெரிக்காவில் நான் பார்த்த சங்கங்களில் எல்லாம் மேடைக்குப் பின்னால் முடிவெடுப்பவர்கள் நம் வயதுக்காரர்கள். பிள்ளைகள் மூன்று நிமிடம் ஆடிவிட்டு உடை மாற்றிக்கொண்டு கைபேசியோடு கடைசி வரிசைக்குப் போய்விடுகிறார்கள். நிசேய் வாரத்தை நடத்திய இளைஞர்கள் ஊர்வலப் பாதைக்கு அனுமதி வாங்கினார்கள், கடைக்காரர்களோடு பேரம் பேசினார்கள், ஒருவரோடொருவர் சண்டை போட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்த வேலைகளில் ஒன்றுகூடக் கொடுக்கப்படுவதில்லை. கும்மி ஆடு என்று சொல்லப்படுகிறது, அல்லது சினிமாப் பாட்டுக்கு ஆடாதே என்று சொல்லப்படுகிறது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை அந்த விழாவைத் தன்னுடையது என்று ஏன் நினைக்க வேண்டும்?

ஆகவே அடுத்த பொங்கலுக்கு ஒரு காரியம் செய்யுங்கள். செயற்குழுவில் பாதி இடத்தை அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொடுங்கள். பணப்பெட்டியின் சாவியும் சேர்த்து. அவர்கள் தேர்ந்தெடுப்பதில் சில உங்களுக்கு எரிச்சலூட்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்து அறிவிப்பு வரும், பொங்கல் பானைக்குப் பக்கத்தில் ராப் பாட்டு ஒலிக்கலாம். சண்டை போடுங்கள், ஆனால் கூட்டத்துக்குள் உட்கார்ந்து போடுங்கள். வாக்கெடுப்பில் தோற்றால் அரங்கத்தில் நாற்காலி போட வாருங்கள்.

லிட்டில் டோக்கியோவைப் பற்றி நீங்கள் கவலைப்படவும் உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. கார் கண்காட்சியோ தின்னும் போட்டியோ அல்ல, வாடகை. பழைய கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. 2024-ல் அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, அழியும் ஆபத்திலுள்ள 11 இடங்களின் பட்டியலில் லிட்டில் டோக்கியோவைச் சேர்த்தது. கடைவீதிக்காகத் தொடங்கிய விழா அது. கடைவீதி போனால் ஊர்வலம் எங்கே போகும்? உங்கள் குடும்பம் அடுத்த முறை போகும்போது சாப்பாட்டையும் சாமானையும் முதல் தெருவிலேயே வாங்குங்கள்.

நிறைவு நாளன்று தெருவில் ஆடும் ஒண்டோவுக்கு இருந்துவிட்டு வாருங்கள். அதில் யார் வேண்டுமானாலும் சேரலாம். விழாவுக்கு முந்தைய வாரங்களில் பயிற்சி கொடுக்கிறார்கள், அசைவுகள் எளியவை. நம் கும்மி தெரிந்தவர்களுக்குக் கை தட்டும் இடங்கள் உடனே பிடிபடும். உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், வருகிறார்களா என்று.

அன்புடன்.